நீவி விட்டாலும் தோள்பட்டை ஏன் திரும்பப் பிடிச்சுக்குது?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதி இதுதான்: "நல்ல நாற்காலி வாங்கியாச்சு, மசாஜும் பண்ணியாச்சு. ரெண்டு நாள்ல கழுத்து வலி திரும்ப வந்துடுது. ஏன்?"

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல அழுத்தினா கெட்டியா ஒண்ணு தட்டுப்படும். அது ட்ரப்பீசியஸ் தசையோட மேல் பகுதி. மண்டை ஓட்டுக்குப் பின்னாடி ஆரம்பிச்சு நடுமுதுகு வரைக்கும் விரியற பெரிய தசை இது. மேல் பகுதி தோளைத் தூக்கும், கீழ்ப்பகுதி தோள்பட்டை எலும்பைக் கீழே இழுத்துப் பிடிக்கும். விலாவுல இருந்து வர செராட்டஸ் ஆன்டீரியரும் சேர்ந்து இழுத்தாதான் கையைத் தூக்கும்போது அந்த எலும்பு சரியாச் சுழலும். மூணு பேர் செய்ய வேண்டிய வேலை.

செக் நாட்டு நரம்பியல் மருத்துவர் விளாடிமிர் யாண்டா இதுல ஒரு வடிவத்தைக் கவனிச்சார். கழுத்தோட பின்பக்கமும் நெஞ்சுத் தசையும் இறுகிப்போகும். கழுத்தோட முன்பக்க ஆழ்தசைகளும் தோள்பட்டையோட கீழ்த்தசைகளும் தளர்ந்துபோகும். பக்கவாட்டுல நின்னு ரெண்டு கோடு போட்டா பெருக்கல் குறி மாதிரி வரும். அதனாலதான் 'அப்பர் கிராஸ்டு சிண்ட்ரோம்'னு பேரு.

நம்ம பாஷையில சொன்னா, மூணு சர்வர்ல ரெண்டு தூங்குது, மொத்த டிராஃபிக்கும் ஒண்ணுக்கே போகுது. அலர்ட் அடிக்கறது அந்த ஒண்ணுதான். மசாஜ்ங்கறது அதை மட்டும் ரீஸ்டார்ட் பண்றது. கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருக்கும்.

ஆனா யாண்டாவோட படத்தை அப்படியே வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். கூன் விழுந்த எல்லாருக்கும் வலி இல்ல, நேரா உட்கார்றவங்களுக்கும் வலி வருது. வலி வந்த பிறகு ஆழ்தசைகள் சுணங்குறதும் உண்டு. எது முதல்ல வந்ததுன்னு ஒரு ஆளைப் பார்த்துச் சொல்றது கஷ்டம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது 2011ல 'பெயின்' இதழ்ல வந்த டென்மார்க் ஆய்வு. அடிக்கடி கழுத்து, தோள் வலி வர 198 பேர். ஒரு குழு தினம் 2 நிமிஷம், இன்னொரு குழு 12 நிமிஷம், வாரம் 5 நாள், 10 வாரம். ரப்பர் பட்டையை மிதிச்சுக்கிட்டு ரெண்டு கையையும் பக்கவாட்டுல தூக்கறது, அவ்வளவுதான். பயிற்சி செய்யாதவங்களோட ஒப்பிட்டா ரெண்டு குழுவுக்கும் வலி குறைஞ்சது. இந்தப் பயிற்சி பளு கொடுக்கறது 'ஏற்கெனவே இறுகிப்போச்சு'ன்னு நாம நீவிவிடற அதே மேல் ட்ரப்பீசியஸுக்கும் சேர்த்துதான்! இறுக்கமா இருக்கற தசை பலமான தசைன்னு அர்த்தம் இல்ல. தாங்க வேண்டிய பளுவைத் தாங்க முடியாமலும் இறுகலாம்.

கழுத்தோட முன்பக்கத்துக்கு, மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காம 'ஆமா'ன்னு லேசாத் தலையாட்டி 10 விநாடி பிடிங்க. 10 தடவை. பார்க்க ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்கும், வீட்டுல சிரிப்பாங்க.

கை மரத்துப்போறது, பிடி தளர்றது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கற வலி, காய்ச்சல், அடிபட்ட பிறகு வந்த வலி, இதெல்லாம் இருந்தா ரப்பர் பட்டையைத் தேடாம டாக்டரைப் பாருங்க. சலூன்ல முடி வெட்டிட்டு கழுத்தைப் படக்குன்னு திருப்பி சொடக்கு எடுப்பாங்களே, அதை வேண்டாம்னு சொல்லிடுங்க. மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் அந்தக் கழுத்தெலும்பு வழியாத்தான் போகுது. அது கிழிஞ்சு பக்கவாதம் வந்த கேஸ்கள் பதிவாகியிருக்கு.