சோர்வுக்குக் காரணம் கொக்கிப்புழுவாகவும் இருக்கலாம்



சென்ற மாதம் மருத்துவ உதவி கேட்டு ஒரு தாயார் நம் அறக்கட்டளைக்கு வந்தார். தறி வீட்டில் தார் சுற்றுபவர். ஆறு மாதமாகச் சோர்வு, மூச்சு வாங்கல், முகம் வெளிறல். சத்துக் குறைவு என்று எண்ணி டானிக் குடித்து வந்தார். மலப் பரிசோதனையில் தெரிந்தது, கொக்கிப்புழு.

இப்புழு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். மலத்தோடு வெளியேறும் முட்டைகள் ஈரமண்ணில் பொரிக்கின்றன. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்துக் குஞ்சுப்புழு உள்ளே புகுகிறது. இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிறது. புழுக்கள் பெருகினால் இரத்தசோகை உண்டாகும். குழந்தைகளின் வளர்ச்சியும் படிப்பும் குன்றும். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஆபத்து.

தறிக்குழியில் கால் வைப்பதால் வருமா என்று சிலர் கேட்கிறார்கள். குழியால் வருவதில்லை, மலம் கலந்த மண்ணால் வருகிறது.

2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். இரண்டு வயதுக்கு மேல் ஒரு மாத்திரை (400 மி.கி.), அதற்குக் குறைந்தோருக்கு அரை மாத்திரை. சிலருக்குச் சிறிது குமட்டலோ வயிற்று வலியோ வரலாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதற்கு அஞ்சி அன்று பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2017இல் நமக்கு அருகிலுள்ள திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் தொடங்கிய ஆய்வு இக்கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. அங்கு அதிகம் காணப்பட்டது கொக்கிப்புழுவே. இப்புழு பெரியவர்களிடமும் மிகுதியாகத் தங்குவதால், அவர்களை விட்டுவிட்டால் மண்ணில் முட்டை மீண்டும் சேரும்.

ஆகவே நீங்காத சோர்வுள்ள பெரியவர்களும் அரசு மருத்துவமனையில் இரத்தமும் மலமும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரை புழுவை நீக்கும். இழந்த இரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் உட்கொள்ள வேண்டாம். கழிப்பறையையே பயன்படுத்துங்கள், வெளியே செருப்பின்றி நடக்காதீர்கள். உருண்டைப்புழு போன்றவை வாய்வழி வருபவை. அதனால் சோப்பிட்டுக் கை கழுவுவதும், வெள்ளிதோறும் நகம் வெட்டும் நம் வழக்கமும் அவற்றைத் தடுக்க உதவும்.

அந்தத் தாயார் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். இன்ஷா அல்லாஹ், விரைவில் நலம் பெறுவார். பரிசோதனைக்குத் துணை தேவைப்படுவோர் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம்.