சங்கிலியும் பற்சக்கரமும்

விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூருக்குச் செல்லும் சாலையில் மோட்டார் சைக்கிள்களைக் காணாத நாளில்லை. கல்லூரி மாணவர் தனியே செல்கிறார். பால்காரர் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டுச் செல்கிறார். குடியானவர் உரமூட்டையை ஏற்றிச் செல்கிறார். வண்டி ஒரே வகைதான். வேலையோ வேறு வேறு. வேலைக்கேற்ப வண்டியை அமைத்துக்கொள்ள இடந்தருபவை சங்கிலியும் இரண்டு பற்சக்கரங்களும் ஆகும். பட்டறைகளில் இவற்றைச் ‘செயின் ஸ்பிராக்கெட்’ என்பர்.

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் என்னிடம் இளைஞர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “ஐயா, முன்சக்கரத்தில் ஒரு பல் கூட்டினால் வேகம் கூடுமாமே?” என்பர். இதற்கு விடை கணக்கில் இருக்கிறது.

இவர்கள் முன்சக்கரம் என்பது கியர்ப்பெட்டியோடு இணைந்த சிறிய பற்சக்கரத்தையே. அதில் 14 பற்களும், பின்சக்கரத்தோடு இணைந்த பெரிய பற்சக்கரத்தில் 42 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3 வரும். அதாவது, சிறியது மூன்று முறை சுழன்றால் பின்சக்கரம் ஒரு முறை சுழலும். சிறியதில் 15 பற்கள் வைத்தால் ஈவு 2.8 ஆகும். இப்போது இயந்திரத்தின் ஒவ்வொரு சுழற்சிக்கும் வண்டி நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு கூடுதலாக நகரும். ஆனால், இழுவிசையும் ஏறத்தாழ அதே அளவு குறையும். நெம்புகோலுக்கு உரிய விதியே இதற்கும் உரியது. பற்சக்கரம் ஆற்றலைப் படைப்பதில்லை; இருக்கும் ஆற்றலைப் பங்கிட்டுத் தருகிறது.

அப்படியாயின் உச்ச வேகமேனும் கூடாதா? எப்போதும் கூடுவதில்லை. வேகம் இரட்டித்தால் காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். சிறிய இயந்திரம் அச்சுமையைத் தாங்காது திணறினால், வேகம் முன்பிருந்ததைவிடக் குறைவதும் உண்டு. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியை முந்தும் வேளையில், பின்னால் ஒருவரையும் ஏற்றிய வண்டிக்கு இழுவை போதாவிடில் நேர்வது உயிருக்கே ஆபத்து என்பதை மறவாதீர்கள்.

1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதன் தொழிற்சாலை அமைந்த திருவொற்றியூரிலிருந்து புல்லட் வண்டிகள் வெளிவந்தன. அத்தகைய கனத்த வண்டிகளில் பக்கவண்டி பூட்டுவோர், முன்பற்களைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது வழக்கம். நம் சமவெளியில் தனியே செல்பவருக்கு வண்டியோடு வந்த அளவே போதும். பச்சைமலை ஏற்றத்தில் நாள்தோறும் சுமை ஏற்றிச் செல்பவருக்கோ இழுவை மிகுந்த அமைப்பு உதவும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. முன்சக்கரத்தில் ஒரு பல் கூட்டுவது, மேற்கண்ட எடுத்துக்காட்டில் பின்சக்கரத்தில் மூன்று பற்களைக் குறைப்பதற்குச் சமம். ஆகவே, சிறிதளவே மாற்ற விரும்புவோர் பின்சக்கரத்தை மாற்றுதல் நலம். முன்சக்கரம் மிகச் சிறிதானால் சங்கிலி கூர்மையாக வளைந்து விரைவில் தேயும். சங்கிலியின் இலக்கமும் பொருந்த வேண்டும்: 428 என்பதில் முதல் இலக்கமான 4, கண்ணிகளின் இடைவெளி எட்டில் நான்கு பங்கு, அதாவது அரை அங்குலம் எனக் காட்டும், 520-இல் அது எட்டில் ஐந்து பங்கு அங்குலம்.

மீப்பெரு பொதுவகுத்தி இங்கும் பயன்படுகிறது. சங்கிலியில் 108 கண்ணிகளும் சக்கரத்தில் 42 பற்களும் இருந்தால், பொதுவகுத்தி 6. ஆகையால், ஒவ்வொரு பல்லும் அதே 18 கண்ணிகளையே மீண்டும் மீண்டும் சந்திக்கும். 43 பற்கள் இருந்தாலோ, ஒவ்வொரு பல்லும் 108 கண்ணிகளையும் முறையே சந்திக்கும். தேய்மானம் சீராகப் பரவும்.

தேய்ந்த சங்கிலியைப் புதிய சக்கரத்தில் பூட்டலாகாது. புதியதையும் அது கெடுத்துவிடும். மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனம். ஆகவே மாணவர்களே, பட்டறைக்குச் செல்லுமுன் பற்களை எண்ணுங்கள். சுமையையும் சாலையையும் எண்ணிப்பாருங்கள். அதன் பின்னரே வேகத்தைப் பற்றி எண்ணுங்கள்.