வீட்டுத் தோட்டத்திற்குக் கோழி எரு

கோழி எரு சூடு, செடியைக் கருக்கிவிடும் என்று சொல்லி அதனைத் தெருக் குப்பையில் கொட்டுவோரை நாம் ஊர்தோறும் காண்கிறோம். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. புதிதாக நட்ட கத்தரி நாற்றின் வேரடியில் பச்சை எச்சத்தைக் கொட்டினால், இலையோரம் காய்ந்து நாற்று மடியும். ஆயினும் குற்றம் எருவினுடையதன்று. பக்குவப்படுத்தாமல் இட்ட முறையினுடையது.

மாடு சாணத்தையும் சிறுநீரையும் தனித்தனியே கழிக்கிறது. கோழிக்கு இவ்விரண்டும் ஒருங்கே வெளிப்படுகின்றன. எச்சத்தின்மேல் வெண்மையாகக் காணப்படுவது யூரிக் அமிலம். எருவின் தழைச்சத்தில் பெரும்பகுதி அதில்தான் அடங்கியுள்ளது. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதனை யூரியாவாகவும், பின்னர் அம்மோனியாவாகவும் மாற்றுகின்றன. கூட்டைத் திறந்தவுடன் கண்ணைக் கரிக்கச் செய்யும் நெடி இதுவே. மிகுதியான அம்மோனியாவும் உப்புகளும் வேரைத் தாக்குவதையே நாம் சூடு என்கிறோம்.

தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கே உண்டு. நன்கு காப்பாற்றிய கோழி எருவிலோ ஏறத்தாழ 3 பங்கு தழைச்சத்தும், இரண்டரைப் பங்குக்கு மேல் மணிச்சத்தும் உள்ளன. ஆனால் அதனைத் திறந்த வெளியில் போட்டு வைத்தால் 30 நாட்களில் தழைச்சத்தில் பாதி காற்றோடு போய்விடும்.

இங்கு ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈரமும் பேனும் ஒழியட்டும் என்று கோழிக் கூட்டில் அடுப்புச் சாம்பலைத் தூவுவது நம் பெண்மக்களின் வழக்கம். (எரிவாயு அடுப்பு வந்த வீடுகளிலும் வெந்நீருக்கு விறகு எரியத்தான் செய்கிறது.) நோக்கம் நல்லதே. ஆனால் சாம்பல் காரத்தன்மை உடையது. எச்சத்தோடு கலந்தால் அம்மோனியாவை விரைவில் ஆவியாக்கி விரட்டிவிடும். சுண்ணாம்பும் அவ்வாறே செய்யும். ஆகவே கூட்டுத் தரையில் உமி, கடலைத் தோல், மரத்தூள், காய்ந்த சருகு இவற்றுள் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதனை நான்கு விரற்கனம் பரப்புதல் வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சும். சத்தையும் பிடித்து வைக்கும். சாம்பலை வீணாக்க வேண்டா. கோழிகள் புழுதியாடும் குழியில் மண்ணோடு கலந்து வைத்தால் பேன் குறையும். எஞ்சியதைச் செடிகளுக்குத் தனியே, வேறொரு நாளில் இடலாம்.

சேர்ந்த எருவை நிழலான மேட்டிடத்தில், மழை படாதபடி ஓலைப் பந்தலின்கீழ் குவித்து மக்கச் செய்யவேண்டும். பச்சை எச்சம் ஒரு கூடைக்குச் சருகும் வைக்கோலுமாக இரண்டு அல்லது மூன்று கூடை கலக்கலாம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசியும் அளவுக்கு ஈரம் போதும். குவியல் எப்பக்கமும் ஒரு மீட்டரேனும் இருந்தால்தான் உள்ளே 55 பாகை செண்டிகிரேடுக்கு மேல் வெப்பம் ஏறி, நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் மடியும். நடுவே செருகிய இரும்புக் கம்பியை உருவினால் கையில் பிடிக்க இயலாதபடி சுடவேண்டும். ஐந்தாறு கோழிகளே உள்ள வீட்டில் இவ்வளவு எரு சேர நாளாகும். சாணத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது அண்டை வீட்டார் நாலைந்து பேர் கூடி ஒரே குவியலாகப் போடலாம். வாரம் ஒரு முறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் நெடியின்றி, கறுத்து, மண் வாசனையோடு பொலபொலவென்று ஆகிவிடும். சூடேறாத சிறு குவியலாயின் ஆறு மாதமேனும் விட்டுவைத்தல் நன்று.

நடவுக்கு இரு வாரம் முன்னர்ச் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை மக்கிய எருவை மண்ணில் கொத்திக் கலக்கலாம். கீரையும் பூசணியும் இதனை விரும்பி ஏற்கும். தக்காளிக்கு மிகுதியாக இட்டால் இலை தழைக்கும், காய் குறையும். அவரை தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்வதால் அதற்குச் சிறிதே போதும். நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளிலிருந்து எரு வாங்குவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: முட்டையோட்டுக்காகத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து சேர்ப்பதால் எருவிலும் அது மிகுதியாயிருக்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் அளவோடு இடுக.

பச்சை எருவில் சால்மொனெல்லா முதலிய கிருமிகள் இருக்கக்கூடும். கீரை, முள்ளங்கி, வெள்ளரிப் பாத்திகளில் அதனை இடவே கூடாது. அமெரிக்க நாட்டின் இயற்கை வேளாண்மை விதிகள், விளைபொருள் மண்ணில் படும் பயிருக்குப் பச்சை எரு இட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்கின்றன. எருவைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது, குவியல் போடும் இடம். கிணற்றடியிலும் அடிகுழாய் அருகிலும் அதற்கு இடம் தரலாகாது. மழையில் கரைந்து நிலத்தில் இறங்கும் நைட்ரேட்டு, குடிநீரில் மிகுந்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து உடலை நீலம் பாயச் செய்யும். அந்நீரைக் காய்ச்சினாலும் நைட்ரேட்டு நீங்குவதில்லை.