மூன்று நட்டும் ஒரு மஞ்சள் கோடும்

வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் வேளாண் கடன் பிரிவு. டிராக்டர் கடன் கோப்புகளில் என் கையெழுத்து நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆனால் ஒரு டிராக்டரின் பானெட்டைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. அந்தப் பாடத்தைப் போன புரட்டாசியில்தான் படித்தேன்.

எங்கள் ஊர் இயற்கை உழவர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பழைய பொக்லைன் வாங்கி வைத்திருக்கிறோம். வரப்பு உயர்த்த, குட்டை வெட்ட, சீமைக்கருவேல் வேர் பிடுங்க எல்லாவற்றுக்கும் அதுதான். என் மானாவாரி நிலத்தின் தாழ்ந்த மூலையில் 60 அடி நீளம், 50 அடி அகலம், 6 அடி ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்ட ஆரம்பித்தோம். இரண்டு நாள் வேலை. ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும்.

முதல் நாள் காலையிலேயே வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. வெள்ளைப் புகை வேறு. வாளியை மண்ணில் இறக்கினால் எஞ்சின் திணறியது. "ஏர் புடிச்சிருக்கும் சார்" என்று டிரைவர் தம்பி டீசல் ஃபில்டரை மாற்றி, கைப்பம்பை அடித்து ஏர் எடுத்தார். ஒரு மணி நேரம் ஓடியது. மறுபடி அதே கதை. மதியம் பார்த்தால், தோண்டிய குழியில் டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. ஆறு வருடமாக ஒரு சொட்டு ரசாயனம் படாமல் வைத்திருக்கும் மண் அது! அடியில் ஒரு தகரச் சட்டியை வைத்துவிட்டு, நனைந்த மண்ணை அள்ளிச் சாக்கில் கட்டினேன்.

டவுன் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டோம். வண்டியைப் பார்க்காமலே, "டீசல் பம்ப் போயிருச்சு. கழட்டி அனுப்புங்க. 22,000 ரூபா, பத்து நாள்" என்றார்கள். பணம் போட ஐந்து பேருமே தயாராகிவிட்டோம். அப்போது கூட்டாளி ஒருவர், "கழட்டுறதுக்கு முன்னாடி பக்கத்து ஊர் மிஸ்திரிய ஒரு தடவை பாக்கச் சொல்லுவோம்" என்றார்.

ஆயில் எஞ்சின் காலத்து ஆள் அவர். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். வந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. "வண்டி ஆறட்டும் தம்பி" என்று உட்கார்ந்தார். பிறகு துணியால் பம்பைச் சுத்தமாகத் துடைத்தார். "சார், கைய வச்சு ஆட்டிப் பாருங்க." ஆட்டினேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

பம்ப் ஆடினால் என்ன?

எங்கள் வண்டியில் டீசல் பம்ப், எஞ்சின் முன்பக்க கியர் பெட்டியின் மேல் மூன்று நட்டால் பிடித்து நிற்கிறது. நட்டு உட்காரும் துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாட்டில் இருக்கும். பம்பைக் கொஞ்சம் திருப்பி டைமிங் வைக்கத்தான் அந்த ஏற்பாடு. நட்டு தளர்ந்தால் பம்ப் தானாகவே திரும்பிவிடும். டீசல் பிந்திப் பாய்ந்தால் ஸ்டார்ட் ஆகாது, வெள்ளைப் புகை வரும், இழுவை குறையும். முந்திப் பாய்ந்தால் எஞ்சின் 'டக் டக்' என்று இடிக்கும், நாளடைவில் பிஸ்டனுக்கே ஆபத்து. ஆட்டத்தில் நாசிலுக்குப் போகிற இரும்புக் குழாய்களும் தளர்ந்து கசியும், விரிசல்கூட விடும்.

எங்கள் வண்டியில் ஒரு நட்டைக் காணவே காணோம். இரண்டு தளர்ந்திருந்தன. முன்பு யாரோ பம்பைக் கழற்றி மாட்டியபோது ஸ்பிரிங் வாஷர் போடவில்லை.

டிரைவர் தம்பி உடனே முறுக்கப் போனார். மிஸ்திரி தடுத்தார். "நிக்கிற இடத்துலயே முறுக்கிட்டா தப்பு அப்படியே நின்னுரும் தம்பி. கோடும் கோடும் சேரணும்." பம்பின் விளிம்பில் ஒரு கோடு, கியர் பெட்டியில் ஒரு கோடு. இரண்டும் இரண்டு தீக்குச்சி கனம் விலகியிருந்தன. முதலில் நாசில் குழாய்களின் நட்டைத் தளர்த்தினார், பம்பைத் திருப்பும்போது அவை முறுகாமல் இருப்பதற்காக. கோடுகளைச் சேர்த்து, புது வாஷர் போட்டு, மூன்று நட்டையும் மாற்றி மாற்றி ஒரே அளவாக முறுக்கினார். குழாய்களை இறுக்கி, ஏர் எடுத்தார். வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. கசிவும் நின்றது. கூலியோடு மொத்தச் செலவு 1,150 ரூபாய்.

நாம் செய்ய வேண்டியவை

* ஸ்டார்ட் செய்வதற்கு முன் தினமும் ஆயில் குச்சியைப் பாருங்கள். ஆயில் அளவு ஏறி, டீசல் வாடை அடித்தால் பம்பின் உள் சீல் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள்.
* எஞ்சின் ஆறியிருக்கும்போது வாரம் ஒரு முறை பம்பைத் துடைத்து, ஆட்டிப் பாருங்கள்.
* கோடுகள் அழிந்திருந்தால் நீங்களாக டைமிங் வைக்காதீர்கள். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.
* ஓடுகிற எஞ்சினில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போல இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள், நனைந்தால் கசிவு.
* காமன் ரெயில் எஞ்சின் வேறு ரகம். அதன் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். அதில் நாம் கை வைக்க வேண்டாம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் கடன் வசூலுக்குப் போன ஒரு வீடு ஞாபகம் வந்தது. வேப்பமரத்தடியில் டிராக்டர் நின்றிருந்தது. "பம்ப் போயிருச்சு சார். சரி பண்ணக் காசில்ல. ஓடுனாத்தானே தவணை கட்ட முடியும்?" என்றார் அந்த விவசாயி. சாக்கு என்று நினைத்தேன். 'வாகனம் பயன்பாட்டில் இல்லை. கடனைச் செலுத்தும் எண்ணம் இல்லை' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கும் மூன்று நட்டுதான் தளர்ந்திருந்ததோ என்னவோ, பானெட்டைத் திறக்கச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நம் கூட்டங்களில் மண்புழுவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். மாதம் ஒரு மணி நேரம் எந்திரத்துக்கும் ஒதுக்குவோம். இப்படிப்பட்ட மிஸ்திரிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்போம்.

குட்டை மறுநாளே முடிந்தது. ஐப்பசியில் பாதி நிறைந்தது. பம்பின் நட்டுகள் மேல் மிஸ்திரி மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறார். கோடு உடைந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். டிரைவர் தம்பி இப்போது சாவியைப் போடுவதற்கு முன் அதைத்தான் பார்க்கிறார்.