களை எடுக்காம யூரியா போட்டா யாருக்கு லாபம்? சின்ன வெங்காயம் சொல்லும் கணக்கு

45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் சுமார் 266 ரூபாய். களை எடுக்க வரும் ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலியே பல ஊர்களில் அதைவிட அதிகம். அதனால் ‘களையை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல யூரியாவைப் போட்டுருவோம்’ என்ற நினைப்பு வருவது இயல்புதான். ஆனால் பெரம்பலூர், திண்டுக்கல், திருப்பூர் பக்கம் அதிகம் பயிராகும் சின்ன வெங்காயத்தில் இந்தக் கணக்கு நஷ்டத்தில்தான் முடியும். ஏன்னு பார்க்கலாம்.

வெங்காயம் ஏன் களைகிட்ட தோத்துப்போகுது?

கத்தரி, தக்காளி மாதிரி செடிகள் வளர வளர இலை விரித்து நிலத்தை நிழலால் மூடிவிடும். அடியில் முளைக்கும் களைக்கு வெயில் கிடைக்காது. வெங்காயத் தாள் அப்படி இல்லை. ஒல்லியாக, நேராக நிற்கும். இடையில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவும் களைக்குத்தான்.

வேரும் ஆழம் போகாது. பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், ஒரு அடிக்குள்ளேயே இருக்கும். கோரை, அருகு, சாரணை, பார்த்தீனியம் எல்லாம் இதைவிட வேகமாக வளர்ந்து தண்ணீரையும் சத்தையும் இழுத்துக்கொள்ளும். இது இரண்டு, மூன்று மாதப் பயிர். முதல் ஒன்றரை மாதம் களையில் சிக்கினால், பிறகு தேறி வர நேரமே இருக்காது. களையே எடுக்காமல் விட்டால் பாதிக்கு மேல் மகசூல் போகவும் வாய்ப்பு உண்டு.

அப்போ யூரியா போட்டா என்ன ஆகும்?

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். மண்ணில் இருக்கும் நொதி யூரியாவை முதலில் அம்மோனியமாக மாற்றும். பிறகு நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டு வடிவத்தில்தான் வேர் தழைச்சத்தை அதிகம் எடுக்கும். அது வெங்காய வேரா, களை வேரா என்று உரத்துக்குத் தெரியாது. எந்த வேர் அதிகமாகப் பரவியிருக்கோ, அதுக்குத்தான் பெரிய பங்கு.

களை மண்டிய வயலில் யூரியா தூவினால் வயல் பச்சைப்பசேல்னு இருக்கும். ஆனால் அந்தப் பச்சையில் களையின் பங்கே அதிகம். உரத்துக்கும் காசு போச்சு, களை எடுக்கும் வேலையும் கூடிப்போச்சு.

அதிகமா போட்டா ஈடுகட்ட முடியாதா?

முடியாது. தழைச்சத்து அளவைத் தாண்டினால் வெங்காயம் தாளை வளர்த்துக்கொண்டே போகும், காய் திரள்வது தள்ளிப்போகும். கழுத்து தடித்துவிடும். அறுவடைக்குப் பிறகு அந்தக் கழுத்து சரியாகக் காயாது, அழுகல் உள்ளே போகும். பட்டறை போட்டு விலைக்காகக் காத்திருக்கும் விவசாயிக்கு இதுதான் பெரிய அடி.

சரியான அளவு எவ்வளவு?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி சின்ன வெங்காயத்துக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து. அதில் 30 கிலோ அடியுரம், மீதி 30 கிலோ 30-வது நாள் மேலுரம். ஏக்கர் கணக்கில் பார்த்தால், மேலுரத்துக்குத் தேவையான யூரியா சுமார் 26 கிலோதான். அரை மூட்டைக்குக் கொஞ்சம் மேல!

அடியுரமாக டிஏபி போட்டிருந்தால் அதிலும் 18 சதவீதம் தழைச்சத்து இருக்கு. 50 கிலோ மூட்டைக்கு 9 கிலோ. அடியுரக் கணக்கில் அதைக் கழிக்க மறக்கக் கூடாது.

என்ன வரிசையில் செய்யணும்?

* நட்ட உடனே, களை முளைக்கும் முன் பெண்டிமெத்தலின் தெளிக்கலாம். மண்ணில் ஈரம் இருக்கணும். அளவு லேபிளில் உள்ளபடியே. முளைத்து நிற்கும் களைக்கும், கிழங்கிலிருந்து கிளம்பும் கோரைக்கும் இது உதவாது.

* 20 முதல் 25 நாளுக்குள் முதல் கைக்களை. வேர் மேலாக இருப்பதால் களைக்கொத்தியை ஆழமாகப் போடக் கூடாது.

* களை எடுத்து முடித்த பிறகே 30-வது நாள் மேலுரம். பனியில் தாள் ஈரமாக இருக்கும்போது தூவினால் தாள் கருகும்.

* யூரியா மண்மேல் அப்படியே கிடந்தால் அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். லேசாக மண் மூடி, அளவாகத் தண்ணீர் விடணும். தண்ணீர் அதிகமானால் நைட்ரேட் வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

* 45-வது நாள் வாக்கில் மீண்டும் களை தெரிந்தால் இன்னொரு முறை எடுக்கணும்.

கூலிக்கு ஒரு தடவைதான் பணம் இருக்கு என்றால், அதை மேலுரத்துக்கு முந்தைய களைக்கே செலவழிப்பது நல்லது. அப்போதுதான் போடுற உரம் வெங்காயத்துக்குப் போகும்.

மண்ணுக்கு ஏற்ப அளவு மாறும். அதனால் மண் பரிசோதனை செய்து, வட்டார தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். விவசாயிகளுக்கான கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண்: 1800-180-1551.