நூன்முகமும் முகப்போவியமும்: தணிகைப் பாடல்களை முன்வைத்து

நூலைக் கற்பார் அதன் முதற் பாட்டிலிருந்தே தொடங்குகின்றனர் எனக் கருதுதல் இயல்பு. உண்மை அதுவன்று. பாட்டைக் காணுமுன் கண் அட்டையைக் காண்கின்றது. ஆங்குப் பெற்ற எண்ணம் உள்ளே சென்ற பின்னும் எளிதில் நீங்குவதில்லை. பாயிரத்தின் இன்றியமையாமையைக் கூறப் புகுந்த நன்னூலார், மாளிகையில் எழுதிய ஓவியத்தையும் நகரின் கோபுரத்தையும் மகளிர் பூணும் அணியையும் உவமை காட்டினார். அவர் காலத்தில் அட்டைப்படம் என ஒன்றில்லை. எனினும் அவ்வுவமைகளுள் ஓவியம் முன்னிற்றல் நோக்கத்தக்கது. இசைக்கும் இஃது ஒக்கும். அமெரிக்க நாட்டில் பெரும்பாலும் வெற்று உறைகளில் விற்கப்பட்டு வந்த இசைத்தட்டுகளுக்கு 1940இல் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் ஓவிய முகப்பு அமைத்தார்; கேட்குமுன் காணுதல் அதன்பின் வழக்காயிற்று.

திருத்தணிகை மலையடிக் கடைகளில் விற்கும் பாட்டுநூல்களை எடுத்துக்கொள்வோம். மயிலும் உயர்த்திய வேலுமாக நிற்கும் முருகன் படமே பெரும்பாலும் அட்டையில் காணப்படும். கோவிற்பட்டிக் கொண்டையராசு (1898–1976) முதலியோர் வரைய, சிவகாசி அச்சகங்கள் நாடெங்கும் பரப்பிய நாட்காட்டிப் படங்களின் வழிவந்தது அவ்வுருவம். ஆந்திர எல்லையை ஒட்டிய இம்மலைக்குத் தமிழறியாதாரும் திரளாக வருவர். எழுத்தறியாதார்க்கும் அப்படம் நூலை இன்னதென உணர்த்திவிடும். அதன் பயனை இகழ்தல் தகாது. ஆயின், தணிகை சினந்தணிந்த இடம் என்பது தலமரபு. கந்தசட்டியில் ஏனைத் தலங்களிற் போலச் சூரசங்காரம் இங்கு நிகழ்வதில்லை. மலர் வழிபாடே நிகழும். சந்நிதியின் எதிரே நிற்பதும் யானையேயன்றி மயிலன்று. போர்க்கோல அட்டையைக் கண்டு உள்ளே புகுபவன் தணிந்த முருகனைப் பாட்டில் தேடுவானா என்பது ஐயமே.

ஓவியமின்றியும் முகப்பு இவ்வாற்றல் பெறும். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் இராமலிங்க அடிகளின் பாடல்களை அச்சிட்டபோது, நூற்குத் ‘திருவருட்பா’ என்றும் பகுதிகளுக்குத் ‘திருமுறை’ என்றும் ஆசிரியர்க்குத் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்றும் பெயர் சூட்டினார். ‘இராமலிங்கசாமி’ என வழங்குதலே ஆரவாரமென்று அடிகள் முன்னரே கடிதத்தில் மறுத்திருந்தனர். தேவாரம் முதலியவற்றுக்கே உரியவை எனக் கருதப்பட்ட பெயர்கள் புதுநூலின் முகப்பில் நின்றமை ஆறுமுக நாவலர் தரப்பினர்க்குப் பொறுக்கவில்லை. அருட்பா மருட்பாப் பூசலுக்குச் சமயக் காரணங்கள் பல உள. எனினும் பாட்டின் சொல்லும் பொருளும் ஆராயப்படுமுன்னரே முகப்பேட்டின் சொற்கள் இருதரப்பாரையும் பிரித்துவிட்டன என்பது எம் கருத்து. முகப்பேடு இல்லாத தனிச் சுவடியாக அப்பாடல்கள் வழங்கியிருப்பின் பூசல் அத்துணை வெம்மை பெற்றிராது.

தணிகைப் பதிகங்கள் அடங்கிய ஐந்தாம் திருமுறை, அடிகள் மறைந்து ஆறாண்டு கழித்து 1880இல் வெளிவந்தது. இளமையில், சென்னை ஏழுகிணற்று வீட்டில், சுவரிலிருந்த கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டு அடிகள் பாடினர் என்பது வரலாறு. பிற்காலப் பதிப்புகளின் அட்டையிலோ, வெள்ளாடை போர்த்து முக்காடிட்ட வடலூர் அடிகளையே காண்கின்றோம். புகைப்படக் கருவியில் அடிகளின் உருவம் விழவில்லை என்பது அன்பர் மரபாதலின், அப்படமும் ஓவியர் உள்ளத்தில் எழுந்ததே. அதனைக் கண்டு நூலைத் திறக்கும் மாணவர், முருகனை நோக்கி ஏங்கும் இளைஞனின் பாடல்களிலும் சோதி வழிபாட்டின் கருத்துகளைத் தேடத் தலைப்படுகின்றனர். 1972இல் ஊரன் அடிகள் பாடல்களைக் கால முறையில் வைத்துப் பதிப்பித்தமை இம்மயக்கத்தைப் பெரிதும் நீக்க வல்லது. ஆயினும் அட்டைப்படத்தின் பிடி அதனினும் வலிது.

நூலகங்களில் பழைய நூல்களுக்குப் புதுக்கட்டு இடுவோர் மேலட்டையைக் கிழித்தெறிந்து துணியட்டை பொருத்துதல் வழக்கம். முதற் படிப்பாளர் அந்நூலை எவ்வாறு எதிர்கொண்டனர் என அறிய விழையும் ஆய்வாளர்க்கு அப்படிகளில் எஞ்சுவது பாட்டு மட்டுமே.