மலைக்கேற்ற பாதரட்சை

1935-ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையில் தம் தோழர் அறுவரைப் பறிகொடுத்த இத்தாலியராகிய விட்டாலே பிரமானி, பாறையைப் பற்றாத அடிப்பாகமும் அவ்விபத்துக்கு ஒரு காரணமென்று கண்டு, ஆழ்ந்த பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடியை 1937-இல் உருவாக்கினார் என்பது, மலையேறப் பூட்ஸ் வாங்குவோர் நினைவிற்கொள்ளத்தக்க சரித்திரம். ஆகவே கையிருப்பு சொற்பமானால், மேற்புறத்துப் பகட்டுக்கன்றி அடிப்பாகத்தின் தரத்துக்கே அதைச் செலவிடுவது விவேகம்.

கடைக்கு மாலையில் செல்வதே உசிதம். பகலெல்லாம் உழைத்த பாதம் அப்போது சற்றே பருத்திருக்கும். தடித்த காலுறையோடு பூட்ஸை மாட்டி, லேஸைக் கட்டாமல் விரல்களை முன்னே தள்ளினால், குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழையவேண்டும்; இல்லையேல் இறக்கத்தில் கால்நகம் கறுத்துப்போகும். கையால் வளைத்துப் பாருங்கள்: விரல் மடியுமிடத்தில் வளையலாம், நடுவில் மடங்கலாகாது. உலர்ந்த வெயில்காலப் பாதைகளில் மட்டும் நடப்பவருக்கு நீர்புகாத உட்சவ்வு அவசியமில்லை. அந்தச் செலவு மிச்சம். தைத்த அடியானால், தேய்ந்தபின் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கியவுடன் சிகரத்துக்குப் புறப்படாமல், சில நாட்கள் வீட்டிலும் தெருவிலும் அணிந்து பழக்கினால், கொப்புளமென்னும் உபத்திரவம் பெரிதும் குறையும்.